என் மகளைக் காப்பாற்றியவர்கள்

"அப்ப இவளுக்கு ஸ்பெஷலா என்ன வரும்?"

என் மகளுக்கு ஆட்டிசம் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் எதிரில் இருப்பவர் கேட்கும் கேள்வி இதுதான். முன்பெல்லாம் "எப்பச் சரியாகும்?" என்று கேட்பார்கள். இப்போது எல்லோருடைய போனிலும் விழிப்புணர்வு வந்துவிட்டது. மூளை வேறு மாதிரி வேலை செய்கிறவர்கள் வெளிநாட்டில் ராக்கெட் விட்டார்கள், பியானோ வாசித்தார்கள், ஒரே ஒரு முறை பார்த்த ஊரை அப்படியே படமாக வரைந்தார்கள் என்று வீடியோ வருகிறது. வீடியோவைப் பார்த்த கையோடு என் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, என் மகள் என்ன செய்வாள் என்று கேட்கிறார்கள். ஜவுளிக்கடையில் சேலையை விரித்துக் காட்டச் சொல்கிற தோரணை அது.

அவளுக்குப் பாட்டு வராது. படம் வராது. நான் கணக்கு டீச்சர். அவளுக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "உள்ள ஒளிஞ்சு கெடக்கும் டீச்சர், நீங்கதான் வெளிய கொண்டுவரணும்" என்கிறார்கள். எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் பாடும் அக்கா ஒருவர் அப்படித்தான் ஒரு கீபோர்டை வாங்கிவந்து கொடுத்தார். என் மகள் அதன் வயரை மட்டும் எடுத்துக்கொண்டாள். கீபோர்டு இன்னும் பீரோவுக்கு மேலே தூசி தின்றுகொண்டிருக்கிறது.

அவளுக்கு இருபத்துநாலு வயதாகிறது. திண்டுக்கல்லிலிருந்து போனால் செம்பட்டிக்குச் சற்று முன்னால் ரோட்டோரத்தில் இருக்கும் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை. பச்சை வலை கட்டிய பெரிய கொட்டகைக்குள் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். முட்டை அட்டை மாதிரி குழி குழியாக இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் தேங்காய் நார்த்தூளை நிரப்பி, குழிக்கு ஒரு விதை போட வேண்டும். அதுதான் அவள் வேலை. அங்கே இரைச்சல் கிடையாது. முகத்தைப் பார்த்துப் பேசு என்று யாரும் அதட்டுவதில்லை. அவள் அதில் சூரப்புலி என்றும் சொல்ல மாட்டேன். அவளைவிட வேகமாகப் போடுகிற பெண்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் அவளுக்கு அந்த வேலை உயிர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து இல்லாத விதையை இல்லாத குழியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்தப் பண்ணைக்கு அவள் டவுன் பஸ்ஸில் தனியாகப் போய்த் தனியாக வந்தாள். இதெல்லாம் ஒரு பெருமையா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். ஒரு வருடத்துக்கு மேல் அதற்காக நாங்கள் உழைத்தோம். முதலில் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனேன். அப்புறம் பின் சீட்டில். அப்புறம் சேலைத் தலைப்பை முகத்தில் இழுத்து விட்டுக்கொண்டு கடைசி சீட்டில். கண்டக்டர் அவளை விட்டுவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு என் வீட்டுக்காரர், மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூக்கம் வழிய வழிய, பைக்கில் பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு பின்னாலேயே போனார். கடைசியில் ஒருநாள் அவளே போனாள். காதை மூடும் பெரிய ஹெட்போன் ஒன்று மாட்டியிருப்பாள். அதில் பாட்டு எதுவும் ஓடாது. வெளிச்சத்தம் உள்ளே போகாமல் இருப்பதற்குத்தான்.

உடனே ஊர் அவளைக் காப்பாற்ற ஆரம்பித்தது.

பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கும் பெண்பிள்ளையைச் சும்மா விட்டுவிடும் பழக்கம் திண்டுக்கல்லில் கிடையாது. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். முகம் தெரியாதவர்களுக்கு என் மகள் பதில் சொல்லமாட்டாள். பதில் வராவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரக்கம் பொத்துக்கொண்டு வந்துவிடும். முதலில் அழைத்துவந்தவர் அந்தக் கீபோர்டு அக்காதான். ஆட்டோ வைத்து வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்.

"நல்லவேளை நான் பாத்தேன் டீச்சர். புள்ள பஸ் ஸ்டாண்டுல திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நிக்குது."

"அவ வேலைக்குப் போறாக்கா."

"தனியாவா? என்ன டீச்சர் நீங்க, இம்புட்டுப் படிச்சுப்புட்டு!"

அவருக்கு நான் காபி போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. நன்றி வேறு சொன்னேன். என் மகள் டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு, அன்றைய வேலை முடிந்துவிட்டதா இல்லையா என்று புரியாமல் வாசற்படியிலேயே நின்றாள். அடுத்து மருந்துக்கடைக்காரர் ஒருவர் காப்பாற்றினார். அடுத்து என் பள்ளிக்கூடத்து டீச்சரே ஒருவர். ஒவ்வொருவரும் வந்து உட்கார்ந்து, எந்த இடத்தில், எந்த நிலைமையில் பார்த்தார்கள் என்று விவரமாகச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். காபித்தூள் தீர்ந்ததுதான் மிச்சம்.

நல்லவேளையாக, காப்பாற்றுகிறவர்களுக்கும் அலுப்புத் தட்டும். மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுத் தூணைப் பார்க்காதது போல அவளையும் பார்க்காமல் இருக்க ஊர் பழகிவிட்டது. போனாள், வந்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். அந்த மாதங்களில் இருந்த நிம்மதி எனக்கு வாழ்நாளில் இருந்ததில்லை.

அதில் மண்ணைப் போட்டவர் என் கொழுந்தனார். என் வீட்டுக்காரரின் தம்பி. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். தங்கமான மனுஷன், அதுதான் பிரச்சினையே. ஒரு சங்கத்தில் செயலாளர். அந்தச் சங்கம் ரத்ததானம், மரக்கன்று, கண் முகாம் என்று எதையாவது செய்துகொண்டே இருக்கும். எதைச் செய்தாலும் முதலில் ஃப்ளெக்ஸ் போர்டு வைத்துவிடுவார்கள். ஏப்ரல் மாதம் ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் வருகிறதென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு போர்டை நட்டுவிட்டார்.

பள்ளிக்குப் போகும் வழியில்தான் அதைப் பார்த்தேன். ஸ்கூட்டியை நிறுத்தக்கூடத் தோன்றாமல் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தேன். ஆகாயத்துக்கு நின்றது போர்டு. "மூளை வேறு! சாதனை நூறு!" என்று எழுத்து. ஒரு ஓரத்தில் பூமி உருண்டை, ராக்கெட், தாடி வைத்த வெள்ளைக்கார விஞ்ஞானி. நடுவில் பட்டுச்சேலையில் என் மகள். அவளுக்குக் கீழே வெள்ளைச்சட்டையும் கூலிங் கிளாஸுமாகச் சங்கத்து ஆட்கள் வரிசையாக, அவளைவிடப் பெரிய பெரிய படங்களில்.

ஏதோ ஒன்று சரியில்லை என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அந்தப் படத்தில் அவள் நேராக என்னைப் பார்த்தாள். அது சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த படம். அதில் அவள் கூரையில் சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றவள், எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் கொழுந்தனார் வீட்டுக்கே போனேன்.

"தம்பி, போர்டுல இருக்கது யாரு கண்ணு?"

"நம்ம புள்ள கண்ணுதான் மதினி. எங்கயோ பாத்துக்கிட்டு இருந்துச்சுல்ல, அத டிசைன் பண்றவரு நேராப் பாக்குற மாதிரி சரி பண்ணிட்டாரு. இப்பல்லாம் போன்லயே அம்புட்டும் பண்ணிறலாம்."

சரி பண்ணிவிட்டாராம். பிறந்ததிலிருந்து டாக்டர், டீச்சர், சித்தி, அத்தை என்று எத்தனை பேர் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பி "என் கண்ணப் பாத்துப் பேசு" என்று சொல்லியிருப்பார்கள். ஒருவருக்கும் கிடைக்காத வெற்றி அந்த டிசைனருக்குக் கிடைத்திருக்கிறது. சரி, நூறு சாதனை என்று போட்டிருக்கிறீர்களே, அதில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். கொழுந்தனார் கொஞ்சம் யோசித்தார். "அது ஒரு எதுகைக்குப் போட்டது மதினி" என்றார்.

மறுநாள் காலையில் அவள் வழக்கம்போலப் போனாள். போன கொஞ்ச நேரத்தில் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. இந்த முறை மூன்று பெண்கள் சேர்ந்து காப்பாற்றியிருந்தார்கள். நடந்ததை அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சொன்னவர்களுக்கு அதில் என்ன தப்பு என்று கடைசி வரை தெரியவில்லை.

பஸ்ஸில் யாரோ, "ஏலே, அந்த போர்டுல இருக்க புள்ளடா" என்று சத்தம் போட்டிருக்கிறார். உடனே செல்ஃபி எடுக்க நாலைந்து பேர் எழுந்து வந்திருக்கிறார்கள். ஒரு பெரியவர், பதினேழும் பதிமூன்றும் பெருக்கினால் எம்புட்டு என்று கேட்டிருக்கிறார். அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருக்கவும், காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று ஒரு அம்மா நல்லெண்ணத்தோடு ஹெட்போனைத் தூக்கிப் பிடித்து, இன்னொருவர் அதே கேள்வியை மறுபடி காதுக்குள் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அவள் அலறிக்கொண்டு இரண்டு சீட்டுக்கு நடுவில் தரையில் போய்ச் சுருண்டுவிட்டாள்.

"என்னமோ பயந்துருச்சு டீச்சர். இம்புட்டுப் பேர் ஆசையாப் பேசுறோம், அதுக்குச் சொல்லத் தெரியல" என்றார் ஒரு பெண். எனக்கு வந்த ஆத்திரத்தில் காபி போடவில்லை.

அதற்குப் பிறகு அவள் போகவில்லை. போகவில்லை என்றால் மறுத்தாள் என்று அர்த்தமில்லை. தினமும் நேரத்துக்குக் குளித்தாள். ஷூ மாட்டினாள். பையையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு கேட் வரை போவாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பஸ் போயிருக்கும் நேரம் தாண்டியதும் திரும்பி வந்து ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். விரல்கள் மடியில் சும்மா கிடக்கும். ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். ஏறவில்லை. வேலைக்குப் போவது என்றால் அவளுக்கு அது பஸ்ஸில், தனியாகப் போவது. அப்படித்தானே ஒரு வருடம் நாங்கள் சொல்லிக்கொடுத்தோம்.

பண்ணைக்காரர் போன் செய்தார். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து ஆள், மரியாதையானவர்.

"ஏனுங்க டீச்சர், பொண்ணு வரலீங்களே? தக்காளி நாத்துக்கு ஆர்டர் நெறைய வந்துருச்சுங்க. திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறனுங்க. அதுக்கு மேல வேற ஆளத்தான் போடோணுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

அவர் மீது என்ன தப்பு? இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்காது என்று எனக்குத் தெரியும். சத்தமில்லாத, யாரும் முகத்தைப் பார்க்காத, பஸ் வாசலிலேயே நிற்கிற இடமாகத் தேடித் தேடி எத்தனை படி ஏறி இறங்கிக் கண்டுபிடித்தது அது.

இதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா. அவளை மேடைக்கு அனுப்பச் சொல்லிக் கொழுந்தனார் வந்தார். முடியாது என்றேன். பஸ்ஸில் நடந்ததையும் சொன்னேன். நிஜமாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுவிட்டு, "அப்ப விழிப்புணர்வு இன்னும் பத்தல மதினி" என்றார். அவர்கள் விழாவை போர்டுக்கு முன்னாலேயே மேளத்தோடு நடத்தினார்கள். படத்துக்கு மாலை போடக்கூடாது, உயிரோடு இருக்கிற பிள்ளை என்று யாரோ தடுத்ததால் மாலை மட்டும் தப்பியது. என் வீட்டுக்காரர் போய்க் கேடயத்தை வாங்கிவந்தார். "ஏன் வாங்குனீங்க?" என்று கத்தினேன். "கூப்ட்டுக் குடுக்கும்போது வாங்காம எப்புடிப்பா வர்றது?" என்றார். அவரை என்ன சொல்ல?

திங்கட்கிழமை காலையிலும் அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பண்ணைக்காரர் சொன்ன கடைசி நாள். வீட்டுக்காரர் மில்லிலிருந்து இன்னும் வரவில்லை. பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, அந்தப் போர்டை இன்றைக்கே இறக்க வைக்காமல் விடுவதில்லை என்று கொழுந்தனார் வீட்டுக்குப் போனேன்.

"பத்து நாளைக்கு அனுமதி வாங்கியிருக்கு மதினி. பாதியில எறக்குனா சங்கத்துக்கு அசிங்கம்."

"என் மக பொழப்பு போகுது தம்பி."

"அவளுக்காகத்தான வச்சோம்!"

நான் கத்தினேன். அவரும் கத்தினார். நடுவில் அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். குடிக்காமல் எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் கேட் திறந்து கிடந்தது. ஷூவைக் காணோம். பையைக் காணோம். அறை, குளியலறை, மாடி என்று எல்லா இடமும் பார்த்தேன். அவள் இல்லை. வழக்கமான பஸ் நேரம் இன்னும் ஆகவில்லை. ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கேயும் இல்லை. போர்டில் மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். செம்பட்டி டவுன் பஸ் வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு, அவள் இல்லாமல் போயிற்று.

திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தேன். போனைக் கையில் எடுத்தேன். கொழுந்தனாருக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். சங்கத்து வாட்ஸப் குரூப் அத்தனையிலும் அந்தப் படம் போகும். தெருவுக்குத் தெரு பைக் கிளம்பும். நிச்சயம் கண்டுபிடித்துவிடுவார்கள். சுற்றி வளைத்து, கையைப் பிடித்து, ஆட்டோவில் ஏற்றி, ஊர்வலமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். அதற்கப்புறம் அவள் ஷூவே மாட்டமாட்டாள். பண்ணைக்குப் போகிற வத்தலக்குண்டு ரோட்டின் லாரிகள் கண் முன்னால் ஓடின. கொழுந்தனார் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு அமுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் நான் பட்டதை எதிரிகூடப் படக்கூடாது.

கிறிஸ்தவர்களான நாங்கள் எது தொலைந்தாலும் புனித அந்தோணியாரைத்தான் கூப்பிடுவோம். சாவி தொலைந்தாலும் சங்கிலி தொலைந்தாலும் தேடிக் கொடுப்பார். அன்றைக்கு வாயில் அவர் பெயர்தான் தானாக வந்தது. ஆனால் நான் கேட்டது வேறு. "அந்தோணியாரே, யாரும் அவளைக் கண்டுபிடிச்சிறக் கூடாது. நீங்களும் செத்த நேரம் சும்மா இருங்க."

பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர், கேட்டு தெறந்து கெடக்கு? பாப்பா எங்க?"

"வேலைக்குப் போயிருக்கா" என்றேன். எழுந்து போய்க் கேட்டைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். பண்ணைக்கு நானே போன் செய்திருக்கலாம். இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் செய்யவில்லை.

வெயில் படியேறி என் காலுக்கு வந்தபோது பண்ணைக்காரரே கூப்பிட்டார்.

"டீச்சர், பொண்ணு வந்துருச்சுங்க. வந்ததும் தட்டு எடுத்து வச்சு உக்காந்துருச்சுங்க. ஆனா எப்பவும் வர்ற பஸ்ஸுல வரலீங்க. செம்பட்டிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸுல எறங்குச்சுங்க. அங்க எங்கீங்க போச்சு?"

சந்தோஷப்பட்டேன் என்று எழுதத்தான் ஆசை. எனக்கு வந்தது கோபம். வாசற்படியில் உட்கார்ந்து, சேலையை வாயில் அடைத்துக்கொண்டு, கோபத்தில் அழுதேன். நேராகப் போய் இறங்க ஒரு டவுன் பஸ் இருக்கும்போது என் பிள்ளையை இப்படிச் சுற்ற வைத்துவிட்டார்களே என்று அழுதேன்.

சாயங்காலம் ஷூவெல்லாம் செம்மண் தூசியோடு வந்தாள். எந்த பஸ்ஸில் போனாய் என்று கேட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தட்டில் சோற்றைப் போட்டு, வெஞ்சனத்தை வைத்து, மறுபடி கேட்டேன்.

"தூங்குற பஸ்" என்றாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. பஸ் ஸ்டாண்டுக்கே போகாமல், ஊருக்கு வெளியே வத்தலக்குண்டு ரோட்டில் அடுத்த ஸ்டாப் வரை நடந்திருக்கிறாள். தூரத்து ஊர்களிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். அதில் வருகிறவர்கள் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். எங்கள் ஊர் போர்டு அவர்களுக்குத் தெரியாது. அந்த பஸ் பண்ணையில் நிற்காது. அதனால் செம்பட்டி வரை போய், எதிர்ப்பக்கம் வரும் டவுன் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறாள். இதை நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் போர்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "தம்பிகிட்டச் சொல்றேன், ரொம்பச் சந்தோஷப்படுவான்" என்று போனை எடுத்தார்.

"சொல்லித்தான் பாருங்களேன்" என்றேன். போனை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது கொழுந்தனார் தயங்கித் தயங்கி வந்தார். போர்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

"புள்ள வேலைக்குப் போகுதா மதினி?"

ஒரு வாரமாக அவள் தவறாமல் போய்வருவதை ஊருக்கே கேட்கும்படி சொல்ல எனக்கு அப்படி ஒரு ஆசை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இல்ல தம்பி. வீட்டுலதான் இருக்கா."

அவர் முகம் சுருங்கிவிட்டது. என் மகள் எங்கள் இருவரையும் பார்க்காமல், என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "நாளைக்கு வேலை" என்றாள்.

கொழுந்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம் மதினி, இன்னும் அந்த நெனப்புலயே இருக்கு."

"ஆமா தம்பி" என்றேன்.